ஓதமும் தளமும்: வடசென்னைத் துறைமுகத் தொழிற்பகுதியில் வீட்டுத் தரைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கட்டட வரலாற்று ஆய்வுகள் சுவர், கூரை, தூண், முகப்பு ஆகியவற்றுக்கு அளித்த இடத்தைத் தரைக்கு அளித்ததில்லை. தரையைப் பற்றிப் பேசும் சில ஆய்வுகளும் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வடசென்னைக் கடற்கரைப் பகுதியின் வீட்டுத் தரைகள் மண்தரை, சுண்ணாம்புத் தளம், சிமெண்டுத் தரை, ஓட்டுத் தளம் என மாறிவந்த வரலாற்றை மேற்பரப்பின் கீழுள்ள அடித்தளத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஈரத்தைக் கையாளும் முறையும், அடித்தளத்துக்குச் செலவிடப்பட்ட காலமும் உழைப்பும் மாறின என்பதும், அம்மாற்றத்தின் சுமை இறுதியில் வீட்டில் வாழ்வோர்மீது விழுந்தது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: ஓதம், தளவரிசை, சுண்ணாம்புக் காரை, சுர்க்கி, சிமெண்ட், நிலக்கரிச் சாம்பல், வடசென்னை, கடலரிப்பு.

1. முன்னுரை

பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் முதலில் மாற்ற விழைவது தரையையே. பழைய சிமெண்டுத் தரையின்மேல் புதிய ஓடு பதிப்பது இன்று சில நாள்களில் முடியும் வேலையாகக் கருதப்படுகிறது. ஆயினும் கடற்கரையை ஒட்டிய வடசென்னை வீடுகளில் புதிதாகப் பதித்த ஓடுகள் சில மழைக்காலங்களுக்குள் தூக்கிக்கொள்வதும், இணைப்புகளில் வெண்ணிற உப்புப் பூப்பதும், சுவரின் அடிப்பூச்சு உதிர்வதும் பரவலாகக் காணப்படுபவை. இவற்றை ஓட்டின் குறையாகவோ கொத்தனாரின் குறையாகவோ கொள்வது வழக்கம். அடித்தளத்தின் வரலாற்றை அறியும்போது குறையின் இருப்பிடம் வேறு எனப் புலப்படும்.

தரை என்பது பல அடுக்குகளின் தொகுதி. இட்டு நிரப்பிய மண், அதன்மேல் கெட்டித்த சல்லிக் காரை, அதன்மேல் சமன்படுத்தும் சாந்து, இறுதியில் மேற்பரப்பு என அவ்வடுக்குகள் அமையும். இவற்றுள் கடைசி அடுக்கே பார்வைக்கும் விலைமதிப்புக்கும் உரியதாகிறது. ஆனால் தரையின் ஆயுளை முடிவுசெய்வன கீழுள்ளவை. இந்த முரணே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

2. சொல்லும் பொருளும்

தமிழில் 'ஓதம்' என்னும் சொல்லுக்கு ஈரம், வெள்ளம், அலை, கடல் எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. இலக்கியத்தில் கடலையும் அதன் பெருக்கையும் குறித்து வழங்கிய இச்சொல், கட்டட வழக்கில் தரையிலும் சுவரிலும் ஏறும் நீர்க்கசிவைக் குறிக்கிறது. சுவரின் அடியில் இடப்படும் நீர்த்தடுப்பைத் தமிழ்ப் பொறியியல் நூல்கள் ஓதத்தடுப்பு அடுக்கு என வழங்குகின்றன. ஒரே சொல் கடலையும் வீட்டுக்குள் ஏறும் ஈரத்தையும் சுட்டுவது, நெய்தல் நிலத்து வீட்டின் நடைமுறை உண்மைக்குப் பொருந்துவதாக உள்ளது. இராயபுரத்திலும் எண்ணூரிலும் தரையினூடே ஏறும் ஈரம் உவர்த்தன்மை கொண்டது. அவ்வகையில் அது கடலின் நீட்சியே.

'தளம்', 'தளவரிசை', 'பாவுதல்' ஆகிய சொற்கள் கல்லோ செங்கல்லோ பரப்பி அமைக்கும் தரையைக் குறித்தன. நிலத்தை இடித்துக் கெட்டிப்படுத்தும் கருவி 'திமிசு' எனப்பட்டது. கடைக்காலுக்குப் பள்ளம் எடுப்பதை 'வானம் தோண்டுதல்' என்பது கொத்துவேலையார் வழக்கு. 'சுர்க்கி' என்னும் செங்கற்பொடியின் பெயர், சிவப்பு நிறத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லடியாகத் தோன்றித் தமிழ்க் கொத்துவேலையில் நிலைபெற்றது. இச்சொற்களுள் பெரும்பாலானவை மேற்பரப்பைக் காட்டிலும் அதற்கு முந்தைய செயல்களாகிய தோண்டல், நிரப்பல், இடித்தல், பரப்பல் ஆகியவற்றையே சுட்டுகின்றன. அடித்தளத்துக்கு அளிக்கப்பட்ட முதன்மை சொல்வழக்கிலும் பதிவாகியிருக்கிறது.

3. மெழுகிய மண்தரை

வடசென்னையின் மீனவக் குப்பங்களில் நெடுங்காலம் வழங்கியது மண்தரை. மணற்பாங்கான நிலத்தின்மேல் களிமண் கொண்டுவந்து பரப்பி, நீர் தெளித்து, இடித்து, சாணத்தால் மெழுகுவது அதன் முறை. மெழுகுதல் தமிழ் வாழ்வில் தொன்மையானது. கணவனை இழந்த மனைவி சிறுநிலத்தை ஆப்பியால் மெழுகும் காட்சியைப் புறநானூற்றின் 249ஆம் பாடல் காட்டுகிறது. மெழுகுதல் பெண்ணின் உழைப்பாக அன்றே அமைந்திருந்தமைக்கும் அது சான்று.

மண்தரையின் இயல்பு இரண்டு கூறுகளால் விளங்கும். முதலாவது, அது ஈரத்தைத் தடுப்பதில்லை. ஈரம் பரப்பு முழுவதும் பரவி ஆவியாக வெளியேறும். இரண்டாவது, அது ஒருமுறை செய்து முடிக்கும் பொருளன்று. சில நாள்களுக்கொருமுறை மெழுகியும், மழைக்குப்பின் பள்ளங்களை நிரப்பியும் தொடர்ந்து புதுக்கப்படுவது. அதன் நிலைபேறு பொருளின் வலிமையால் வருவதன்று, பராமரிப்பின் தொடர்ச்சியால் வருவது. இம்முறைக்குப் பணச்செலவு குறைவு. ஆனால் அதற்கு ஈடான உழைப்பைப் பெண்கள் கூலியின்றி அளித்தனர். மண்தரையைப் போற்றும் எழுத்துகள் இவ்வுண்மையைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

4. சுண்ணாம்புத் தளம்: காலமும் உழைப்பும்

கோட்டையும் கறுப்பர் நகரமும் வளர்ந்த காலத்தில் வசதி படைத்தோர் வீடுகளிலும் கிடங்குகளிலும் சுண்ணாம்புத் தளம் இடம்பெற்றது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் கிடைத்த கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். செங்கற்சூளைகளின் நினைவைச் சென்னையின் சூளை என்னும் பகுதி தன் பெயரில் தாங்கியிருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பின் வெண்மையும் மெருகும் சென்னைச் சுதையை ஐரோப்பியரிடையே புகழ்பெறச் செய்தன. செயின்ட் எலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பவர் சென்னையில் சிறந்த காரை செய்யும் முறையை விளக்கி எழுதிய குறிப்பை, இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழ் 1730களின் தொடக்கத்தில் வெளியிட்டது. வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைக் காரையில் சேர்க்கும் உள்ளூர் வழக்கத்தை அக்குறிப்பு ஐரோப்பிய அறிஞருக்கு அறிமுகம் செய்தது.

தளம் இடும் முறை பின்வருமாறு அமைந்தது. நிரப்பிய மண்ணை நீர்விட்டுத் திமிசால் இடித்தபின், உடைத்த செங்கற்சல்லியைச் சுண்ணாம்புச் சாந்தோடு கலந்து பரப்புவர். பின்னர் மரக்கட்டைகளால் அதனைத் தொடர்ந்து அடிப்பர். வரிசையாக அமர்ந்து கட்டையால் அடிக்கும் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். அடிக்குந்தோறும் வெல்ல நீரும் கடுக்காய் நீரும் தெளிக்கப்படும். கட்டை தெறித்து எழும்பும் அளவுக்குக் காரை இறுகும்வரை, பல நாள்கள் இது நீளும். மரச் சட்டங்களின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி அமைக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்பட்ட கூரைத் தளத்துக்கும் இதே சல்லிக் காரையும் இதே அடியும் தேவைப்பட்டன.

சுர்க்கியின் பங்கு தனியே நோக்கத்தக்கது. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். சுட்ட களிமண் பொடியைச் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் பிணைப்பை உண்டாக்கும். உரோமர்கள் எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்ததை இங்குக் கொத்துவேலையார் செங்கற்பொடியைக் கொண்டு செய்தனர். ஈரம் மிகுந்த கடற்கரையில் சுண்ணாம்புத் தளம் நிலைத்தமைக்கு இவ்வினையே அடிப்படை.

இத்தளமும் மண்தரையைப் போலவே ஈரத்தை ஓரளவு வெளிவிடும் தன்மையது. உப்பு மேலே பூத்தால் துடைத்து நீக்கலாம். தேய்ந்த இடத்தில் மீண்டும் சாந்து பூசலாம். ஆனால் அதன் விலை காலமாக இருந்தது. அடிப்பதற்கும் இறுகுவதற்கும் உலர்வதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காத்திருப்பு வேலையின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

5. துறைமுகமும் சிமெண்டும்

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கப்பலில் சென்னைக்கு வந்தது. கான்கிரீட்டின் பயன்பாடு இப்பகுதியில் பேரளவில் தென்படுவது வீடுகளில் அன்று, துறைமுகத்தில்தான். 1870களில் தொடங்கிய செயற்கைத் துறைமுகப் பணியில் அலைதடுப்புச் சுவர்களுக்குக் கான்கிரீட் கட்டிகள் பயன்பட்டன. 1881ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுகத்தின் நுழைவாயில் மாற்றியமைக்கப்பட்டது.

அதே 1904ஆம் ஆண்டில் சென்னையில் 'சவுத் இந்தியா இண்டஸ்டிரியல்ஸ்' நிறுவனம் கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு சிமெண்ட் செய்ய முற்பட்டதை இந்தியச் சிமெண்ட் தொழில் வரலாறு நாட்டின் முதல் முயற்சியாகக் குறிக்கிறது. அம்முயற்சி நிலைபெறவில்லை. ஆயினும் கடற்கரைக் கிளிஞ்சல் சுண்ணாம்பிலிருந்து சிமெண்டுக்கு மாறும் இடைக்கணத்தை அது காட்டுகிறது. பின்னர்ப் போர்பந்தரிலும், 1930களில் மதுக்கரை, டால்மியாபுரம் ஆகிய இடங்களிலும், நாட்டு விடுதலையை ஒட்டித் தாழையூத்திலும் ஆலைகள் தோன்றியபின் சிமெண்ட் நடுத்தர வீடுகளுக்கும் எட்டும் பொருளாயிற்று.

துறைமுகத்தோடு இருப்புப்பாதையும் தரையை மாற்றியது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி புறப்பட்டது. வடமேற்குப் பாதை 1871இல் இராய்ச்சூர்வரை நீண்டு பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அப்பாதை கடப்பை வழியே சென்றதால் அம்மாவட்டத்துக் கருங்கல் பலகைகள் சென்னைக்கு எளிதில் வர வாய்ப்புண்டாயிற்று. இன்றும் 'கடப்பா கல்' என ஊர்ப்பெயராலேயே அக்கல் அறியப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடசென்னைத் தொழில் வளையமாக உருப்பெற்றது. எண்ணூரில் 1948இல் தொடங்கிய ஊர்தித் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அதன் அடையாளங்கள். ஆலைத் தொழிலாளர் வீடுகளில் சிமெண்டுத் தரையும், காவிப்பொடி கலந்து மெருகேற்றிய சிவப்புத் தரையும், சலவைக்கல் சில்லுகள் பதித்துத் தேய்த்த மொசைக் தரையும் அடுத்தடுத்து இடம்பெற்றன. வழுவழுப்பான சிவப்புத் தரை நிலையான வருவாய் உள்ள குடும்பத்தின் அடையாளமாயிற்று.

சிமெண்டின் வருகையால் அடித்தளம் சுருங்கியது. நிரப்பு மணலின்மேல் 1:4:8 அல்லது 1:5:10 என்னும் விகிதத்தில் ஒரு சல்லிக் கான்கிரீட் படுகை, அதன்மேல் சாந்து, அதன்மேல் மெருகு என்பது பொதுமுறை. பல நாள் அடிக்கும் வேலை மறைந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவேண்டியது நீராற்றுதல். இந்தியத் தர நிறுவனத்தின் 456ஆம் எண் நெறிமுறை, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக் கான்கிரீட்டை ஏழு நாளுக்குக் குறையாமல் நனைத்துவைக்க வேண்டும் என்கிறது. தரைக்கெனவே 1970இல் வெளியான 2571ஆம் எண் நெறிமுறையும், சிமெண்ட் ஓடுகளுக்கென 1972இல் வெளியான 1443ஆம் எண் நெறிமுறையும் அடித்தளத்தை ஆயத்தப்படுத்துவதை வேலையின் முதற்படியாகவே கொள்கின்றன. எனினும் கட்டையால் அடிக்கும் ஓசை தெருவுக்கே கேட்கும் வேலை. நனைத்துவைத்துக் காத்திருப்பது எவர் கண்ணுக்கும் படாத வேலை. கண்ணுக்குப் படாததை விட்டுவிடுதல் எளிதாயிற்று.

6. நகரும் கடலும் உயரும் தெருவும்

துறைமுகச் சுவர்கள் கரையோர மணலின் இயல்பான வடதிசை ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல்வரத்து நின்று கரை அரிக்கப்பட்டது. இராயபுரம் முதல் எண்ணூர்வரை கடற்கரையோரம் கருங்கற்கள் கொட்டப்பட்டிருப்பது அதன் விளைவு. கடல் நெருங்க நெருங்க உவர்நீரும் நெருங்குகிறது. நன்னீரை மிகுதியாக இறைக்கும் இடங்களில் கடல்நீர் உட்புகுவதும் நிகழ்கிறது. ஆகவே நூறாண்டுக்குமுன் இட்ட தரைக்கும் இன்றைய தரைக்கும் கீழே இருப்பது ஒரே நிலத்தடி நீரன்று.

கீழிருந்து கடலின் ஈரம் ஏற, வெளியே தெருவும் உயர்ந்தது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய பரப்பை இட்டுவந்ததால் சென்னையின் பல தெருக்கள் வீட்டு வாயிலைவிட உயர்ந்தன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை இடவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் வலியுறுத்த வேண்டியதாயிற்று. தாழ்ந்துபோன வீட்டார் இடிபாடுகளைக் கொட்டி உள்தரையை உயர்த்தினர். தெருவில் எது தவறு என அரசு உணர்ந்ததோ, அதுவே வீட்டுக்குள்ளும் நிகழ்ந்தது. இரண்டிலும் பழையதை நீக்காமல் அதன்மேல் புதியதை இடுவதே முறையாகியிருந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதற்கு வேறொரு பரிமாணம் உண்டு. அங்கு ஒருவர் தரை மற்றவர் கூரை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 25 மி.மீ. கனத்துக்குச் சாந்து இட்டால் ஏறத்தாழ 50 கிலோகிராம் எடை கூடுகிறது. பழைய தரையை நீக்காமல் 50 மி.மீ. சாந்தும் அதன்மேல் ஓடும் இடுவோர், சதுர மீட்டருக்கு 120 கிலோகிராமுக்கும் மேலான நிலைச்சுமையைத் தளத்தின்மேல் ஏற்றுகின்றனர். கம்பிகள் உப்பால் துருப்பிடித்த கட்டடத்தில் இது பொருட்படுத்தத்தக்க அளவு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு ஒன்று முப்பது ஆண்டும் நிறையாமல் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. அவ்விடிவைத் தரைவேலையோடு தொடர்புபடுத்தச் சான்றில்லை. ஆயினும் கடற்கரைக் கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியாத பகுதியே ஆயுளை முடிவுசெய்கிறது என்பதை அந்நிகழ்வு எவருக்கும் உணர்த்தும்.

7. ஓட்டுத் தளம்: பழையதன்மேல் புதியது

1990களுக்குப்பின் பரவிய பீங்கான் ஓடுகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த விட்ரிஃபைடு ஓடுகளும் தரையின் இலக்கணத்தை மாற்றின. விட்ரிஃபைடு ஓடு தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்குமேல் நீரை ஏற்பதில்லை. இப்பண்பே அதன் சிறப்பாக விற்கப்படுகிறது. கடற்கரை வீட்டில் இதே பண்பு இருவகையில் இடர்தருகிறது. ஒன்று, ஓட்டின் அடிப்பகுதி சிமெண்ட் பாலை உறிஞ்சாததால் வெறும் சாந்து அதைப் பற்றுவதில்லை. இத்தகைய ஓடுகளுக்கெனப் பலபடிச் சேர்மம் கலந்த ஒட்டுப்பொருள் வேண்டும். அவற்றின் தரத்தை வகுக்கும் இந்தியத் தரநெறி 15477 வெளியானது 2004இல்தான். மற்றொன்று, கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி இணைப்புகளை நோக்கியும் சுவரோரத்தை நோக்கியும் திரும்புகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்புப் படிகமாகிறது. படிகம் வளரும்போது உண்டாகும் அழுத்தம் சாந்தை உடைக்கிறது. தரையை அடைத்த வீட்டில் சுவர்ப்பூச்சு உதிர்வதன் காரணம் இதுவே.

ஆகவே பழைய சிமெண்டுத் தரையை ஆயத்தப்படுத்தும் செயல், அதன் வரலாற்றைப் படிக்கும் செயலாகிறது. முதலில் தரை முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலான ஓசை தரும் பகுதிகள் அடிப்படுகையிலிருந்து பிரிந்தவை. அவற்றை வெட்டி எடுக்காமல் புதியதை இடுவது பயனற்றது. அடுத்து மேற்பரப்பு. சிவப்புத் தரையில் பல ஆண்டுகள் தேய்த்த எண்ணெயும் மெழுகும் அதன் துளைகளில் ஊறியுள்ளன. அத்தரையைப் போற்றச் செய்த வழுவழுப்பே புதிய சாந்து பற்றுவதற்குத் தடையாகிறது. எனவே பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியை முற்றும் நீக்கி, நனைத்து, சிமெண்ட் பால் பூசிய பின்னரே சமன்படுத்தும் சாந்து இடவேண்டும். விரிசல்களையும் பிரித்தறிதல் தேவை. இறுகும்போது தோன்றி நின்றுபோன விரிசலை நிரப்பிவிடலாம். நிலம் அமிழ்வதால் விரிந்துகொண்டே போகும் விரிசலை நிரப்புவது நோயை மறைப்பதாகும். பெரிய ஓடுகளுக்கு மூன்று மீட்டர் மட்டப்பலகையின்கீழ் மூன்று மில்லிமீட்டருக்குமேல் ஏற்றத்தாழ்வு இருத்தல் ஆகாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஓதத்தை அறிதல். 45 செ.மீ. சதுரமான தெளிந்த நெகிழித்தாளைத் தரையில் விளிம்பு ஒட்டிப் பதினாறு மணி நேரம் விட்டுவைத்தால், தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருப்பதோ தரை கறுத்திருப்பதோ கீழிருந்து ஈரம் ஏறுவதைக் காட்டும். எளியதும் செலவற்றதுமான இச்சோதனை உலகின் பல பகுதிகளில் வழக்கில் உள்ளது. புதிதாக இட்ட கான்கிரீட்டுக்குப் பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டும். உலர்வதற்கு ஏற்ற சூழலிலேயே 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. 100 மி.மீ. படுகைக்கு அது நான்கு மாதமாகும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னைக் கடற்கரையில் அதனினும் நீளும்.

இந்நான்கு மாதத்தை எவர் அளிப்பார் என்பதே வினா. ஓடு பதிக்கும் கூலி இன்று சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. பதித்த பரப்புக்கே பணம். கொத்துவதற்கும் நனைப்பதற்கும் காத்திருப்பதற்கும் தனிக்கூலி இல்லை. கொத்தனாரும் சித்தாளும் விரைந்து முடித்தால்தான் அவர்களுக்கு நாட்கூலி கட்டும். வீட்டாரும் வாடகைக்கு வேறிடம் பிடித்து மாதக்கணக்கில் தங்க இயலாதவர்கள். ஒரே அறையில் வாழும் குடும்பம் தரை உலரக் காத்திருப்பதற்கு இடமே இல்லை. திறன் அழிந்ததால் அடித்தளம் புறக்கணிக்கப்பட்டது என்னும் விளக்கம் முழுமையானதன்று. திறன் அறிந்த கொத்தனார்க்கும் அதைச் செயற்படுத்தும் காலத்தைக் கூலிமுறை தருவதில்லை.

8. சாம்பலும் எண்ணெயும்

1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990களில் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும் நிலக்கரிச் சாம்பலை இப்பகுதியின் நிலையான பொருளாக்கின. சாம்பல் நீரில் கரைத்துக் குழாய்வழியே குளங்களுக்கு அனுப்பப்பட்டது. குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து மீன்பிடிப்பைப் பாதித்தது. மறுபுறம், 1999இல் நடுவணரசு வெளியிட்ட அறிவிக்கை அச்சாம்பலைச் செங்கல்லிலும் சிமெண்டிலும் பயன்படுத்துவதைக் கட்டாயப்படுத்தும் வழியைத் திறந்தது.

வேதியியல் நோக்கில் இது ஒரு மீள்வருகை. சுர்க்கி சுண்ணாம்போடு செய்த அதே வினையைச் சாம்பல் சிமெண்டின் சுண்ணாம்போடு செய்கிறது. இவ்வினையால் கான்கிரீட்டின் துளைகள் சுருங்குகின்றன. உப்பு ஊடுருவல் குறைகிறது. கடற்கரைக்குப் பொருத்தமான பண்பு இது. ஆனால் வினை மெதுவாக நிகழ்வது. ஆதலின் இத்தகைய கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் நீராற்றல் வேண்டும் என 456ஆம் எண் நெறிமுறை தன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் கூறுகிறது. சுண்ணாம்புக்கு உரிய மெதுவான இயல்பு மீண்டு வந்திருக்க, அதற்குரிய காத்திருப்பு மீண்டு வரவில்லை. பொருளின் காலமும் கூலியின் காலமும் எதிர்த்திசையில் நகர்ந்துள்ளன.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. மீனவர் படகுகளும் வலைகளும் மட்டுமன்றி எர்ணாவூர், எண்ணூர் வீடுகளின் சுவர்களும் தரைகளும் எண்ணெயில் தோய்ந்தன. நீர் வடிந்தபின் மேலே தெரிந்த கறையைக் கழுவ முடிந்தது. ஆனால் சிமெண்டின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் அமிலத்தால் நீங்குவதன்று. காரத் தூய்மியால் பலமுறை கழுவியோ, மேற்பரப்பை எந்திரத்தால் சுரண்டியோ நீக்கவேண்டும். ஆழ ஊறியிருந்தால் படுகையையே பெயர்த்தெடுக்க வேண்டும். எண்ணெய் ஊறிய தரையின்மேல் இடும் சாந்து பற்றாது. இழப்பீட்டுக் கணக்கில் படகையும் வலையையும் போல எண்ணிக் காட்ட இயலாதது இச்சேதம். கழுவித் துடைத்த தரை, பார்ப்பவர்க்கு நலமான தரையாகவே தோன்றும். அடித்தளம் கண்ணுக்குத் தெரியாதது என்னும் பழைய இடர் இங்குக் குடிமக்களின் உரிமைச் சிக்கலாக உருவெடுக்கிறது.

9. முடிவுரை

வடசென்னையின் தரை வரலாற்றை மண்ணிலிருந்து விட்ரிஃபைடு ஓட்டை நோக்கிய முன்னேற்றமாக எழுதுவது எளிது. மரபுத் தொழில்நுட்பத்தின் வீழ்ச்சியாக எழுதுவதும் அதே அளவு எளிது. அடித்தளத்தை முன்வைத்து நோக்கும்போது இரண்டுமே முழுமை பெறவில்லை என்பது புலனாகிறது. மண்தரை ஈரத்தை வெளிவிட்டது, ஆனால் பெண்களின் ஊதியமற்ற உழைப்பில் நின்றது. சுண்ணாம்புத் தளம் ஈரத்தைத் தாங்கியது, ஆனால் நெடிய காலத்தையும் மலிவான கூலியையும் வேண்டியது. சிமெண்டுத் தரை அவ்வுழைப்பைக் குறைத்தது, ஆனால் காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரியாததாக்கியது. ஓட்டுத் தளம் தூய்மையை எளிதாக்கியது, ஆனால் ஓதத்தின் வழியை அடைத்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு முடிபுகளைப் பெறலாம். முதலாவது, வீட்டுத் தரை நகரத்தின் சூழல் வரலாற்றுக்குச் சான்றாவணம். துறைமுகச் சுவரால் நகர்ந்த கடல், உயர்ந்த தெரு, அனல்மின் நிலையச் சாம்பல், ஆலை எண்ணெய் ஆகிய ஒவ்வொன்றும் அதன் அடுக்குகளில் பதிந்துள்ளது. கல்வெட்டையும் ஓலையையும் போல, பெயர்த்தெடுக்கும் பழைய தரையின் குறுக்குவெட்டையும் பதிவுசெய்யும் பழக்கம் வட்டார வரலாற்று ஆய்வில் இடம்பெறத்தக்கது. வீடுகள் விரைந்து புதுப்பிக்கப்பட்டும் இடிக்கப்பட்டும் வரும் இக்காலத்தில் இச்சான்றுகள் குப்பை வண்டிகளில் வெளியேறுகின்றன.

இரண்டாவது முடிபு நடைமுறை சார்ந்தது. அடித்தள வேலையைத் தனி இனமாக மதிப்பிட்டு அதற்கெனக் கூலியும் காலமும் ஒதுக்காதவரை, நெறிமுறைகள் ஏட்டளவிலேயே நிற்கும். அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்பு மதிப்பீட்டிலும், வெள்ளத்துக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் பிந்தைய சேத மதிப்பீட்டிலும் தரையின் கீழடுக்கைச் சோதிப்பது இடம்பெறுமாயின், அச்செலவை வீட்டில் வாழ்வோர் தனியே சுமக்கும் நிலை மாறும். ஈரச் சோதனைக்குத் தேவைப்படுபவை ஒரு நெகிழித்தாளும் ஒருநாள் பொறுமையும் மட்டுமே.